உள்ளே சாயும் மரங்கள்

தோசைக்கல்லில் விட்ட எண்ணெய் அவள் பக்கமாக ஓடி வந்தது.

வியாகுலம்மாள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தரையில் வைத்த மண்ணெண்ணெய் ஸ்டவ்தானே, ஏதோ ஒரு கால் வளைந்திருக்கும் என்று பழைய காலண்டர் அட்டையைக் கிழித்து மடித்து அடியில் செருகினாள். மாவை ஊற்றினாள். கரண்டியால் இழுத்துவிடுவதற்குள் மாவு அவள் மடியைப் பார்த்து வழிந்து கல்லின் விளிம்பில் தடித்து நின்றது. ஸ்டவ்வைத் திருப்பி வைத்தாள். அப்போதும் அவள் பக்கமே வந்தது. கடைசியில் எழுந்து ஸ்டவ்வுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, நாலு சொட்டு எண்ணெயை மட்டும் விட்டுப் பார்த்தாள். எண்ணெய் கல்லின் நடுவில் சற்று நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, அவள் புதிதாக உட்கார்ந்த இடத்தை நோக்கி ஊர்ந்தது.

வெளியே பாலக்கரைச் சாலையில் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கார்த்திகை மாதத்து ஈரம் அடுப்பங்கரைச் சுவரில் பாதி உயரம் ஏறியிருந்தது. மழைக்காலத்தில் எந்த வீட்டில்தான் தரை சமமாக இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

இன்னாசிராஜ் வந்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் மாவும் ஒரு பக்கம் கருகலுமாக இருந்த தோசையைப் பிய்த்துப் பார்த்தார்; அப்படியே தின்றார். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவர். வீட்டில் எதையும் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை. கை கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு, கூடத்து மூலையில் இருந்த ஃப்ரிட்ஜைத் திறந்து, மேலே இருக்கும் ஐஸ் அறைக்குள் கையை விட்டு, அங்கிருந்த அலுமினியப் பெட்டியை இரண்டு விரலால் தொட்டார். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியைத் தொடுவாரே, அதே தொடல். கதவை மூடினார். குடையை எடுத்துக்கொண்டு, போயிட்டு வரேன் என்றார். அது தன்னிடம் சொன்னதா, பெட்டியிடம் சொன்னதா என்று கல்யாணமான நாளிலிருந்தே அவளுக்குத் தெரிந்ததில்லை.

முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு வயிறு எரியும். இப்போது சிரிப்புத்தான் வந்தது. பெட்டிக்குள் இருந்தது கொல்லைப்புறத்து வேப்பமரத்தடி மண்.

பெட்டியில் முன்பு இருந்த மண் ரோசரியுடையது. ரோசரி வியாகுலத்தின் அக்கா, இன்னாசிராஜின் முதல் மனைவி, இப்போது கூடத்துச் சுவரில் சந்தன மாலையோடு தொங்குகிறவள். பெண்கள் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். வீட்டில் எதற்கும் அவள்தான் முதல். முதல் மார்க், முதல் பட்டுப்புடவை, முதல் மாப்பிள்ளை. போதாததற்குக் கல்லூரியிலிருந்து ரஷ்யாவுக்கும் அவளையே அனுப்பினார்கள். சைபீரியாவில் ஒரு காட்டில் பல மாதம் இருந்து மரங்களைப் படித்துவிட்டு, குளிரில் வெடித்த கன்னத்தோடும் ஒரு பெட்டி சிலைடுகளோடும் திரும்பி வந்தாள். கூடவே பெரிய தெர்மாஸ் பிளாஸ்கில் அந்தக் காட்டு மண்ணும் வந்தது. உறைந்த மண். அதற்குள் ஒரு கன்றின் வேர். கல்லூரி ஃப்ரிட்ஜை நம்ப முடியாது என்று அதை அலுமினியப் பெட்டிக்கு மாற்றி வீட்டிலேயே வைத்தாள். அந்தத் தெருவுக்கு முதன்முதலாக ஃப்ரிட்ஜ் வந்ததே மண்ணுக்காகத்தான். சித்திரை வெயிலில் ஒரு தம்ளர் ஜில் தண்ணீர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் அதைச் சொல்லிச் சொல்லி ஓயமாட்டாள்.

கோயில் ஹாலில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி ரோசரி அந்தப் படங்களைக் காட்டிய மாலை வியாகுலத்துக்கு நன்றாக நினைவிருந்தது. ரோட்டில் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற காலம். அங்கே பூமிக்கு அடியில் வருஷம் பூராவும் ஐஸ்தான் என்று அக்கா சொன்னபோது ஹாலில் பாதிப் பேர் சிரித்தார்கள். கோடையில் மேல் மண் மட்டும் ஒரு முழம், ஒன்றரை முழம் இளகுமாம். அந்த ஒரு முழத்தில்தான் லார்ச் என்கிற ஊசியிலை மரம் காடு காடாக நிற்கிறதாம். வேருக்குக் கீழே போக வழியில்லை. பக்கவாட்டில் ஓடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஐஸ்தான் அந்தக் காட்டுக்கு அஸ்திவாரம். காடு எரிந்தாலோ, தரையை மூடியிருக்கும் பாசி போனாலோ வெயில் உள்ளே இறங்கிவிடும். அந்தப் பக்கமே வரவரச் சூடாகிக்கொண்டு வருகிறதோ என்று அங்குள்ள ஆராய்ச்சிக்காரர்கள் சிலருக்குச் சந்தேகம் உண்டு என்றும் சொன்னாள். ஐஸ் கரைந்தால் மண் சேறாகி உள்வாங்கும். மரங்கள் குடிகாரன்போல ஆளுக்கு ஒரு பக்கம் சாயும். சாய்ந்த மரமும் சும்மா இருக்காது. தாழ்ந்த பக்கத்தில் கட்டையைத் தடிப்பாக வளர்த்து நிமிரப் பார்க்கும். கடைசியில் வேர் தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போகும். வசந்த காலத்தில் காது கொடுத்தால் காலுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும் என்று அவள் சொன்னபோது சிரித்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒரு படத்தில் மட்டும் மரங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் சாயவில்லை. வட்டமாக நின்று எல்லாமே உள்பக்கம் குனிந்திருந்தன. நடுவில் கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர். பங்குச் சாமியார் அதென்ன என்று கேட்டார்.

"இப்படி ஒரே எடத்தைப் பாத்துச் சாஞ்சா, அந்த எடத்துக்கு அடியில ஐஸ் போயிடுச்சுன்னு அர்த்தம் சாமி. மரத்தைப் பாக்காதீங்க. நடுவுல பாருங்க" என்றாள் ரோசரி.

வியாகுலம் மரத்தையும் பார்க்கவில்லை, நடுவையும் பார்க்கவில்லை. புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்று சிலைடு மாற்றிக்கொண்டிருந்த அத்தானைப் பார்த்தாள். விளக்கின் வெளிச்சம் கீழிருந்து அவர் முகத்தில் அடித்தது. அந்த முகம் முழுக்க அக்காவை நோக்கிச் சாய்ந்திருந்தது. ஒரு ஆம்பிளை ஒரு பொம்பிளையை அப்படிப் பார்ப்பான் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஒரு தரம், ஒரே ஒரு தரம், அந்த முகம் தன் பக்கம் அப்படிச் சாயவேண்டும் என்று அன்றைக்கு அவள் நினைத்தாள். நினைத்ததற்காகச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனமும் செய்தாள். நினைப்பு மட்டும் போகவில்லை.

அடுத்த வருஷமே ரோசரி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். சாகும்போதுகூட மண்ணை உருக விட்டுடாதீங்க என்றுதான் அவரிடம் கையைப் பிடித்துக் கேட்டாள். வருஷம் திரும்பியதும் பெரியவர்கள் கூடிப் பேசி, ஆயரிடம் அனுமதி வாங்கி, தங்கையை அக்கா இடத்தில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் அந்த இடம் காலியாக இல்லை என்று தெரிந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். ரோசரியின் புடவையை இவள் கட்டினால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். முகத்தைப் பார்த்ததும் பார்வை கீழே போய்விடும். ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். உயிரோடு இருக்கிற சக்களத்தியாக இருந்தால் முடியைப் பிடித்து இழுக்கலாம். ஐஸ் அறைக்குள் இருக்கிறவளை என்ன செய்வது?

அவளும் பொறுத்துத்தான் போனாள். இந்த வருஷம் புரட்டாசியில் காய்ச்சல் வந்தது. நெருப்பாகக் கொதிக்கிற காய்ச்சல். அன்றைக்குப் பார்த்துக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. இன்னாசிராஜ் சைக்கிளில் காந்தி மார்க்கெட் போய், மீன்காரர்களுக்கு வருகிற ஐஸ் பாளம் ஒன்றை மரத்தூளும் கோணியுமாகக் கட்டிக் கொண்டுவந்தார். பாயில் கிடந்தவள், நெத்தியில கொஞ்சம் வையுங்க அத்தான் என்று கேட்டாள். கல்யாணமாகியும் நாக்கு அத்தானை விடவில்லை. இரு, முதல்ல இதை வச்சுட்டு வரேன் என்று அவர் பாளத்தை உடைத்துப் பெட்டியைச் சுற்றி அடுக்கினார். அடுக்கி முடித்தபோது ஒரு துண்டுகூட மிச்சமில்லை. பிறகு நல்ல மனிதராக ஈரத்துணி நனைத்துப் போட்டார். துணி வெந்நீராகிக்கொண்டிருந்தபோது அவள் கூரையைப் பார்த்தபடி ஒரு முடிவுக்கு வந்தாள்.

ஐப்பசியில் மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒரு மத்தியானம், அவர் ஸ்ரீரங்கத்தில் இருந்த நேரம், பெட்டியை எடுத்துக் கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் வைத்துத் திறந்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. வெங்கலம்போல இறுகிக் கிடந்தது. ஓரத்தில் நூல் நூலாக வேர். வெயில் பட்டதும் பளபளப்பு வந்தது, வியர்த்தது, விளிம்பு இளகி ஒரு சொட்டுத் தண்ணீர் கல்லில் இறங்கியது. நனைந்த கோணி வாடை வந்தது. அதற்கு அடியில் வேறு ஒரு வாடை, பல காலம் மூடிக்கிடந்த அலமாரிக்குள் தலையை விட்டால் வருமே, அது. கட்டி லேசாக முனகியது. பிறகு நடு உள்வாங்கி, ஒன்றுமில்லாத சேறாகச் சப்பென்று உட்கார்ந்துவிட்டது.

இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இந்தக் கைப்பிடிச் சேற்றுக்கா இத்தனை வருஷம்?

வேப்பமரத்தடியில் மண் தோண்டி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, பெட்டியில் அடைத்து ஐஸ் அறையில் வைத்துவிட்டாள். சேற்றைச் சாக்கடையில் கொட்டத்தான் போனாள். கை வரவில்லை. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள். அப்போதுதான் கல்லறைத் திருநாள் வருவது ஞாபகம் வந்தது. அன்றைக்கு எல்லாக் குடும்பமும் போய்க் கல்லறையைச் சுத்தம் செய்து, புது மண் போட்டு மேடு கட்டி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம். ரோசரிக்கு இன்னும் சிமெண்டுக் கல்லறை கட்டவில்லை. மண் மேடும் மரச் சிலுவையும்தான். உன் மண்ணை நீயே வைத்துக்கொள் என்று வியாகுலம் சேற்றை ஒரு பழைய பால் டின்னில் அள்ளி, சாமந்திப்பூவுக்கு அடியில் ஒயர்க்கூடையில் வைத்து எடுத்துப்போனாள்.

இன்னாசிராஜ் கண் முன்னாலேயே அதைப் புது மண்ணோடு கலந்தாள். இரண்டு கையாலும் அள்ளி மேட்டில் அப்பி, தட்டித் தட்டி வழவழப்பாக்கினாள். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் தோளில் கை வைத்தார்.

"நீ அவளுக்கு இவ்வளவு செய்வேன்னு நான் நினைக்கல வியாகுலம்" என்றார்.

கட்டிய நாளிலிருந்து பகல் வெளிச்சத்தில் நாலு பேர் பார்க்க அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மெழுகுவர்த்திகளை நட்டுக் கொளுத்தினாள். காற்றே இல்லை. அத்தனை சுடரும் ஒன்றுபோல அவள் பக்கம் வளைந்தன. மூச்சுப் பட்டிருக்கும் என்று நினைத்தாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

தோசைக்குப் பிறகு அவள் கவனிக்கத் தொடங்கினாள். கொடியில் போட்ட துணிகள் அவள் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கமாகச் சரிந்து வந்தன. பூட்டாமல் விட்ட அலமாரிக் கதவு அவள் கூடத்தைக் கடக்கும்போது தானாகத் திறந்து அவளை நோக்கி நின்றது. குடத்தில் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி நின்றது. அவள் குடத்தைச் சுற்றி வந்தால் அதுவும் கூடவே சுற்றியது. மாதா சொரூபத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் கீச்சென்று ஒரு சத்தம். பார்த்தால் மாதா அவளைப் பார்த்துச் சற்றே குனிந்திருப்பாள். வீட்டில் ஒன்று மட்டும் சாயவில்லை. ரோசரியின் படம். ஆணி அடித்து வைத்தாற்போல நேராக, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் நிற்கிறவள்போல நின்றது. இதிலுமா நீ மட்டும் ஒழுங்கு என்று வியாகுலத்துக்கு எரிச்சல் வந்தது. அப்போதுகூடப் பயத்தைவிட எரிச்சல்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

ஏனென்றால் இன்னாசிராஜும் சாய்ந்தார்.

முதலில் தூக்கத்தில். சுவரைப் பார்த்துப் படுத்தவர் விடிவதற்குள் புரண்டு அவள் பக்கம் திரும்பியிருந்தார். பிறகு சாப்பிடும்போது அவள் உட்கார்ந்த பக்கமாகத் தோள் இறங்கியது. கோயிலில் ஆண்கள் பக்கத்து வரிசையில் முழங்காலில் இருந்தவர் பூசை நடுவில் இவளை நோக்கி மெல்ல ஒருக்களித்தார். வியாகுலம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். வந்தாயா வழிக்கு என்று நினைத்தாள். மண் போனதும் மாயமும் போய்விட்டது. அவள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள், கறிக்குழம்பு வைத்தாள், அத்தான் என்பதை விட்டு என்னங்க என்று கூப்பிடப் பழகினாள். அவர் முகம் மட்டும் பழையபடியே எங்கேயோ இருந்தது. உடம்புதான் சாய்ந்ததே ஒழிய முகத்தில் ஒன்றும் இல்லை. அதுவும் வரும் என்று காத்திருந்தாள்.

ஒருநாள் அவருடைய மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. புதுத் தண்ணீர் கலங்கலாக ஓடியது. கரையோரத் தென்னைகள் எல்லாம் ஆற்றைப் பார்த்துத்தான் சாய்ந்திருக்கும், அது உலகத்துக்கே தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அவை ஆற்றைப் பார்க்கவில்லை. பாலத்தைப் பார்த்தன. பஸ் நகர நகர அந்தத் தலைகளும் மெதுவாகத் திரும்பிக்கொண்டே வந்தன. தூரத்தில் கட்டுமான வேலை நடக்கிற ராஜகோபுரத்துச் சாரக் கம்புகளும் ஒரு பக்கமாக ஒதுங்கித் தெரிந்தன. பக்கத்தில் நின்றவர்கள் வளைவில் சாய்வதுபோல அவள்மேல் சாய்ந்தார்கள். பாலத்தில் வளைவே கிடையாது. கண்டக்டர், தள்ளி நில்லுங்க, ஏன் ஒரே எடத்துல அடையுறீங்க என்று சத்தம் போட்டார். திருவானைக்காவலில் அவள் இறங்கிவிட்டாள். சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்தபடி சாலையோரம் நின்றபோது அந்தப் படம் கண்ணுக்குள் வந்தது. வட்டமாக நின்று உள்ளே குனிந்த மரங்கள். நடுவில் கறுப்பாகத் தண்ணீர்.

செருப்புக்கு அடியில் தரை லேசாக அமுங்கியது. மழை பெய்த மண் அமுங்கத்தான் செய்யும். அவள் இடம் மாறி ஒரு கல்லின்மேல் ஏறி நின்றாள். கல்லும் அமுங்கியது.

கல்லறைக்குப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. குழி வெட்டுகிற அடைக்கலம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தார். நீங்களே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு என்றார். ரோசரிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவருக்குக் குழி எடுக்கப் போனாராம். கடப்பாறை இறங்கவில்லையாம்.

"பாறைன்னு நினைச்சேன்மா. இந்த மண்ணுல ஏது பாறை. தொட்டுப் பாருங்க, ஐஸ் மாதிரி இருக்கு" என்றார்.

அவள் தொடவில்லை. அடைக்கலம் சிலுவைகளைக் காட்டினார். மழையில் எல்லாம் சாய்ந்துவிட்டன, உங்கள் அக்காவுடையது மட்டும் நட்டது நட்டபடி நிற்கிறது என்றார். உண்மைதான். ரோசரியின் மேட்டில் ஒரு விரிசல் இல்லை. சாமந்திப்பூ அன்றைக்கு வைத்தது இன்னும் வாடவில்லை. ஒவ்வொரு இதழும் வெள்ளையாகப் பூத்து விறைத்திருந்தது. மற்ற சிலுவைகள் எல்லாம், மரமும் கல்லும் இரும்பும், அவள் நின்ற நடைபாதையை நோக்கிக் குனிந்திருந்தன. அவள் வாசலுக்கு நடந்தாள். இரும்புக் கதவைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது அவை எல்லாம் வாசலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

அஸ்திவாரம் முழுவதும் அக்காவிடம் போய்விட்டது. எப்போதும்போல.

அதற்குப் பிறகு அவள் நாற்காலியில் உட்காரப் பயந்தாள், கட்டிலில் படுக்கப் பயந்தாள். சிவப்புச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலை வைத்தால் உள்ளங்கால் சில்லிட்டது. காதை வைத்துக் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் அடியில் தண்ணீர் ஓடியது. மெல்லிய, அவசரமில்லாத சலசலப்பு. குழாய் எங்கேயாவது உடைஞ்சிருக்கா என்று இன்னாசிராஜிடம் கேட்டாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தாள். சொன்னால் அவர் கட்டாயம் அவளை நேராகப் பார்ப்பார். அது எப்படிப்பட்ட பார்வையாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டாள்.

புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்ன அன்றைக்குப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். காலையிலேயே கரண்ட் போனது. தெருவில் முழங்கால் தண்ணீர். இன்னாசிராஜ் ஐஸ் வாங்கப் புறப்பட்டு, மார்க்கெட் பக்கம் போகவே முடியாது என்று நனைந்து திரும்பி வந்தார். ஜன்னலுக்கும் ஃப்ரிட்ஜுக்குமாக நடந்தார். மத்தியானமே கூடம் அந்திபோல இருண்டுவிட்டது. வியாகுலம் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி மேஜைமேல் வைத்தாள். சுடர் அவளைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

"பெட்டியை எடுத்துத் தண்ணிப் பானைக்குள்ள வைக்கிறேன். கொஞ்ச நேரமாவது தாங்கும்" என்றார் அவர்.

"வேணாங்க. தொறந்தா சூடு உள்ள போயிடும்" என்றாள் வியாகுலம்.

அவர் அதற்குள் திறந்துவிட்டார். ஐஸ் அறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியை மேஜையில் வைத்து மூடியைக் கழற்றினார். இத்தனை வருஷத்தில் மூடியை அவர் கழற்றியதே இல்லை, தொட்டதோடு சரி. விரலை உள்ளே விட்டார். இளகிய மண்ணில் எதையோ தேடினார். வேராக இருக்கும், பாவம். விரல் வெளியே வந்தபோது அதன் நுனியில் ஒரு கொட்டை ஒட்டியிருந்தது. சுடருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

வேப்பங்கொட்டை.

மழைச் சத்தம் ஒரு கணம் நின்றதுபோல இருந்தது. அல்லது அடியில் ஓடிய தண்ணீரின் சத்தம் கூடிவிட்டது. எது என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கோணி வாடை வந்தது. மூடிய அலமாரியின் வாடை வந்தது. அவர் கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் போட்டார். கல்லறைத் திருநாள். பால் டின். அவள் கை தட்டித் தட்டி மெழுகிய மேடு. ஒவ்வொன்றாக அவர் முகத்தில் ஏறுவதை அவள் பார்த்தாள்.

"ரோசரியோட மண்ணு எங்க?" என்று கேட்டார்.

பின்னால் நகரப் பார்த்தாள். ஒரு அடி. கால் தரையிலிருந்து வரவில்லை.

குனிந்து பார்த்தாள். சிவப்புத் தரை அவள் பாதத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக இறங்கியிருந்தது. விரல்கள் தெரியவில்லை. குளிர். எலும்பு வரை குளிர். இன்னொரு காலை இழுத்தாள். சப்பென்ற சத்தம். அது மேலும் இறங்கியது.

மேஜை நகர்ந்தது. மெழுகுவர்த்தி உருண்டு வந்தது, அணையாமல். அலமாரி திறந்து குனிந்தது. ரோசரியின் புடவைகள் ஒவ்வொன்றாக நழுவித் தரையில் விழுந்து, அவளைப் பார்த்து வழிந்தன. மாதா சாய்ந்தாள். ஃப்ரிட்ஜ் முன்கால்களில் எழுந்து நின்றது. சுவர்கள். சுவர்கள்கூட.

"என்னங்க" என்றாள்.

இன்னாசிராஜ் நிமிரப் பார்த்தார். முடியவில்லை. குதிகால் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு முழுசாக, ஒரே கட்டையாக, அவள் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. விழவில்லை. விழாமல் நின்றது. இடுப்பில் ஏதோ நெரிந்து முனகியது, மரம் முனகுவதுபோல. அவர் முகம் அவள் முகத்துக்கு நேர் மேலே வந்து நின்றது. தரையில் உருண்ட மெழுகுவர்த்தியின் வெளிச்சம் கீழிருந்து அதில் அடித்தது.

முழு முகம். வேறெங்கும் போகாத பார்வை. இத்தனை வருஷம் அவள் கேட்டது.

அதில் இருந்ததை அவள் பார்த்தாள். கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. இமை விறைத்துவிட்டது.

முழங்கால் வரை வந்துவிட்டது. கறுப்புத் தண்ணீர். சத்தமில்லாமல் நிரம்பியது.

அவர் தோளுக்கு மேலே சுவரில் அக்கா இருந்தாள். சாயாத ஒரே ஆள். நேராக. கழுத்தை நிமிர்த்தி. அக்கா, கையைக் கொடு என்றாள் வியாகுலம். சின்ன வயதில் கூப்பிட்ட அதே குரலில்.

ஆணி அசைந்தது. சந்தன மாலை விலகியது. ரோசரியின் படம் மெல்லச் சுவரை விட்டு வெளியே வந்து, எல்லாருக்கும் கடைசியாகத் தலையைச் சாய்த்து, நடுவில் பார்த்தது.